வெளியாளைக் கேள்

என் மகள் உயிரியல் எடுக்கப்போவதாகச் சொன்ன அன்று அவள் தட்டில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லை. முதலில் எனக்கு உறுத்தியது அதுதான்.

பாதியைத் தின்றுவிட்டு மீதியைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து ஓடுகிற ரகம் அவள். அன்று எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, மேடையில் அறிக்கை வாசிப்பவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் சயின்ஸ் குரூப் எடுக்கறேன். பயாலஜி. ஃபார்ம் வெள்ளிக்கிழமைக்குள்ள குடுக்கணும். கையெழுத்து வேணும்."

"ஏன்?" என்றேன்.

"டாக்டருக்குப் படிக்கலாம். இல்லன்னா மருந்துப் படிப்பு. அதுவும் இல்லன்னா ஆராய்ச்சி. நல்ல வேலை, நல்ல மதிப்பு, நாலு பேருக்கு உதவியாவும் இருக்கும்."

கேள்வி ஒரே ஒரு சொல். பதில் மட்டும் அச்சடித்துக் கட்டுக்கட்டாக வந்து இறங்குகிறது. நான் ஆடிட்டர். அடுத்தவர் கணக்கைத் துருவிப் பார்த்துத்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. "அந்த பில் இங்கதான் எங்கயோ இருந்துச்சு மேடம்" என்று தலையைச் சொறிகிறவரை நான் பாதியாவது நம்புவேன். கேட்பதற்கு முன்பே ஃபைலுக்கு நாடா கட்டி, சிரித்த முகத்தோடு நீட்டுகிறவரைத்தான் நம்பமாட்டேன். அப்படி நீட்டியவர்களில் எத்தனை பேர் பிற்பாடு என் முன்னால் கண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

"நல்லதாப் போச்சு" என்றார் என் கணவர். யார் எதைச் சொன்னாலும் நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிற பிறவி அவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதிரே ஒருவரை உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்பார். உட்கார்ந்திருப்பவர் எதைச் சொல்கிறாரோ அதுதான் அவருக்கு வேதம். அடுத்தவர் கண்ணுக்குள் புகுந்து பார்க்கவா முடியும் என்பார். நம்புவதே அவர் பிழைப்பு, நம்பாததே என் பிழைப்பு. இப்படி இரண்டு பேரைக் கட்டிவைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

மகள் எழுந்து போகும்போது பள்ளிப் பையை எடுத்தாள். ஜிப் பல் இளித்துக்கொண்டு நின்றது.

"இந்தப் பைக்கு தேய்மானம் எல்லாம் போட்டு முடிச்சாச்சும்மா. புதுசு வாங்கணும்" என்றாள். சொன்ன மறுகணம் நாக்கைக் கடித்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

தேய்மானமா? ஒரு பொருள் பழசாகப் பழசாக வருஷாவருஷம் அதன் மதிப்பைக் குறைத்து எழுதுவோமே, அந்தச் சொல். தவளையை அறுக்கப் போகிற பெண்ணின் வாயில் அது எப்படி வந்து உட்கார்ந்தது? பள்ளி விட்டதும் என் ஆபீஸ் ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து வளர்ந்தவள்தான். ஆனால் நாங்கள் பேசுவது எதையும் காதில் வாங்காமல் படம் வரைந்துகொண்டிருப்பாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். இவள் அக்கவுண்ட்ஸைப் பற்றி எங்கோ படிக்கிறாள், அல்லது யாரிடமோ பேசுகிறாள். அப்படியானால் உயிரியல் யாருடைய ஆசை?

என்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே ஒன்று சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் சம்பந்தப்பட்டவரைக் கேட்காதே, வெளியாளைக் கேள். பாங்கில் இவ்வளவு இருக்கிறது என்று முதலாளி சொன்னால் பணிவாகத் தலையை ஆட்டு, வெளியே வந்து பாங்கைக் கேள். ஆகவே நான் மகளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஃபார்மை மட்டும் "அப்புறம் பாக்கலாம்" என்று தள்ளிவைத்தேன்.

முதல் சந்தேகம் பக்கத்திலேயே படுத்திருந்தது. கண்ணாடிக் கடைக்கு அடுத்த வாசலில் ஒரு கண் டாக்டர் இருக்கிறார். அவர் எழுதித் தருவதை இவர் கண்ணாடியாக்கித் தருவார். அந்த டாக்டரின் பெயர்ப்பலகையை என் கணவர் தினமும் காலையில் தன் துணியாலேயே துடைத்துவிடுகிறவர். அந்த இடத்தில் மகள் பெயரை வைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கமாட்டாரா? வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவர் மாதிரி இருப்பார். அப்படி இருப்பவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

தேய்மானம் என்ற சொல்லை அவள் காதில் போட்டது யார் என்ற இரண்டாவது சந்தேகம் என் கொழுந்தன் மேல். டயர் கடைக்கு மேல்மாடியில் கோச்சிங் கிளாஸ் நடத்துகிறார். ஆடிட்டர் படிப்புக்கு முதல் வாசலான பவுண்டேஷன் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிறார். சில மாதத்துக்கு முன்னால் எனக்கும் அவருக்கும் ஒரு தகராறு. தன் பெஞ்சை நிரப்புவதற்காக என் பெண்ணின் மனசைக் கலைக்கிறார் என்று தோன்றியது. எதனால் தோன்றியது என்று இப்போது ஞாபகமில்லை. தோன்றினால் போதாதா, போனைப் போட்டு நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். அதிலிருந்து மனிதர் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

இருந்தாலும் அவரைத்தான் முதலில் பார்க்கப் போனேன். மாடிப்படி முழுக்க ரப்பர் நாற்றம். வகுப்பு இடைவேளையில் இருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்து உடைந்தது.

"அண்ணி, சத்தியமா நான் எதுவும் பண்ணல" என்றார். நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

"நீங்க பண்ணீங்கன்னு சொன்னேனா தம்பி? உங்க அண்ணன் பொண்ணு இங்க வந்தாளா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார், கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தார். "வந்தா. அவளாத்தான் வந்தா. பள்ளிக்கூடம் முடிச்சதும் நேரா பவுண்டேஷன் எழுதலாமா, இல்ல டிகிரி வாங்கிட்டு வர்ற வழி நல்லதான்னு கேட்டா. அக்கவுண்ட்ஸோட மேத்ஸும் எடுக்கணுமான்னு கேட்டா. மேத்ஸ் இல்லாமலும் வரலாம்மா, யாரும் கதவைச் சாத்தல, ஆனா புள்ளியியல் வரும்போது மூச்சு முட்டும், எடுத்துக்கறதே நல்லதுன்னேன். அவ்வளவுதான் அண்ணி. ஒரு டீகூட வாங்கித் தரல."

"எதுக்குக் கேக்கறன்னு அவளை நீங்க கேக்கலயா?"

"கேட்டேன்." அவர் குரல் இறங்கியது. "'அம்மா மேசைக்கு எதிர் நாற்காலியில ஒரு நாள் நான் உக்காரணும் சித்தப்பா, அதான்'ன்னா."

அந்த நாற்காலி எது என்று சொல்லிவிடுகிறேன். என் பயிற்சிப் பிள்ளைகளில் யார் கெட்டிக்காரரோ அவர் உட்காருகிற இடம் அது. அங்கே இருப்பவரோடுதான் நான் மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வேன், சண்டை போடுவேன், சிரிப்பேன். ஜன்னலோர பெஞ்சிலிருந்து பார்த்தால் அந்த நாற்காலியின் முதுகு நன்றாகத் தெரியும்.

படியிறங்கி வரும்போது டயர் கடைக்காரர் "என்ன வேணும்மா" என்று கேட்டார்; சிரித்துக்கொண்டே ஒரு டயரைத் தட்டிப் பார்த்துவிட்டு நடந்தேன். பெற்ற பெண் தன்னைப் போல ஆக நினைக்கிறாள் என்று கேட்டால் எந்த அம்மாவுக்குத்தான் உச்சி குளிராது? நானும் மனுஷிதானே.

ஆனாலும் ஒரு சாட்சியை வைத்து நான் எதையும் முடிவு செய்கிறவள் இல்லை. மகளின் உயிர்த்தோழி ஒருத்தி இருக்கிறாள். பள்ளியிலும் தெருவிலும் அவளை வாலு என்றால்தான் தெரியும். அவள் அம்மா தையல் கடை வைத்திருக்கிறார். ரவிக்கைக்கு ஊக்கு வைக்கிற சாக்கில் அங்கே போனேன். வாலு ஒரு மூலையில் உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா அளவெடுக்க உள்ளே போன நேரம் பார்த்து மெல்லத் தூண்டில் போட்டேன்.

"அவ பயாலஜி எடுக்கறாளாமே. நீயும் அதானா?"

வாலு ஊசியை நிறுத்தினாள். "ஆன்ட்டி, நான் சொன்னேன்னு சொல்லிடக் கூடாது."

"சொல்லவே மாட்டேன்."

"அவளுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. யாருக்கோ ஆசைன்னு எடுக்கறாளாம். அவளுக்கு அக்கவுண்ட்ஸ்தான். 'எங்கம்மா மேசைக்கு எதிர் நாற்காலியில ஒரு நாள் நான் உக்காரணும்'ன்னு சொல்லிட்டே இருப்பா."

யாருக்கோ ஆசை. யாருக்கு என்று அந்தப் பெண் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பானேன்? பலகை துடைக்கிற கைதான் கண் முன்னால் நின்றதே. ஊக்கு வைத்த ரவிக்கையை வாங்க மறந்து வீட்டுக்கு வந்தேன்.

என் கணவர் அப்போதுதான் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிமுடிக்க விடவில்லை.

"பொண்ணு மனசுல ஒண்ணு இருக்கும்போது உங்க ஆசையைத் திணிக்கறீங்களே, நியாயமாங்க இது?"

"என்ன ஆசை? எனக்கா?"

"பக்கத்துக் கடையில டாக்டர் போர்டு வைக்கற ஆசை. எனக்கு எல்லாம் தெரியும்."

அவர் ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். "அந்த போர்டுல தூசி விழுந்தா என் கடைக் கண்ணாடியிலயும் விழும், அதான் துடைக்கறேன். நான் யார்கிட்ட என்னத்தைத் திணிச்சேன்? கண்ணு தெரியாம வர்றவங்களைக்கூட எது தெளிவா இருக்குன்னு அவங்களைத்தான் கேக்கறேன். எம் பொண்ணைக் கேக்கமாட்டேனா?"

"நல்லா நடிக்கறீங்க. அவ அக்கவுண்ட்ஸ்தான் எடுக்கறா. மேத்ஸோட. பள்ளிக்கூடம் முடிச்சு நேரா பவுண்டேஷன், அப்புறம் என் ஆபீஸ்ல பயிற்சி. நான் போன வழி. முடிவு பண்ணியாச்சு."

"அவகிட்ட கேட்டியா?" என்றார்.

"கேக்க வேண்டிய எடத்துல கேட்டாச்சு."

அவர் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். சமையலறை வாசலில் நின்று என் மகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. அப்பாவுக்காகப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தோடு விட்டிருந்தால் கையெழுத்துப் போட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் மூன்றாவது சாட்சி இல்லாமல் நான் எந்த ஃபைலையும் மூடியதில்லை. மறுநாள் மதியம் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர்கள் அறையில் மேத்ஸ் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். மகளின் வகுப்பு டீச்சரும் அவர்தான்; நல்ல பெண்மணி. என் போன் வந்தாலே பெருமூச்சு விடுவார் என்று கேள்வி.

"உங்க பொண்ணுக்கு மேத்ஸ் நல்லா வரும் மேடம், பயப்படாதீங்க. அக்கவுண்ட்ஸுக்கும் போகலாம், எதுக்கும் போகலாம்" என்றார். பிறகு சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, ரகசியம் சொல்கிறவர் மாதிரி குனிந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சா சந்தோஷப்படுவீங்க. ஒரு நாள் எங்கிட்ட தனியா வந்து சொன்னா. 'அம்மா மேசைக்கு எதிர் நாற்காலியில ஒரு நாள் நான் உக்காரணும் டீச்சர்'னு."

நான் சந்தோஷப்படவில்லை. முதுகில் யாரோ குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாற்போல் இருந்தது.

முன்பு ஒரு கிடங்குக்கு ஆடிட் போயிருந்தோம். சரக்கு குறைந்திருந்தது. மூன்று காவலாளிகளையும் தனித்தனியாக விசாரித்தேன். மூன்று பேரும், "அன்னிக்குப் பேஞ்ச மழையில எல்லாம் நனைஞ்சுபோச்சு மேடம், அள்ளிக் கொட்டிட்டோம்" என்றார்கள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. அன்றைக்கே பயிற்சிப் பிள்ளைகளிடம் சொன்னேன்: மூணு பேர் ஒரே வார்த்தையில சொன்னா அது மூணு சாட்சி இல்ல, ஒருத்தர் சொல்லிக் குடுத்தது. சொல்லும்போது ஜன்னலோர பெஞ்சில் என் மகள் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

பள்ளி வராந்தாவில் நடக்க நடக்க ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. தட்டைக் காலியாக்கினாளே, நான் அதைக் கவனிப்பேன் என்று தெரிந்துதான். அச்சடித்த பதிலைக் கேட்டால் எனக்கு நமைச்சல் எடுக்கும் என்று தெரிந்துதான். தேய்மானம் வாய் தவறி விழுந்ததில்லை, எடுத்துப் போட்டது. நான் யார் யாரிடம் போவேன் என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போகிற வழியெல்லாம் எனக்காகவே பொறுக்கிக்கொள்ளும்படி விதைத்து வைத்திருக்கிறாள். ஊரையே சந்தேகப்பட்ட நான், இத்தனைக்கும் நடுவில் இருந்தவளை மட்டும் சந்தேகப்படவில்லை. எனக்கு வந்த கோபத்தில் பள்ளிக் கேட்டைத் திறக்காமலே தள்ளிக்கொண்டு நின்றேன். காவலாளி வந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

மாலையில் வழக்கம்போல் அவள் ஆபீஸுக்கு வந்தாள். பயிற்சிப் பிள்ளைகள் வெளிவேலைக்குப் போயிருந்தார்கள். மின்விசிறி மட்டும் கடகடத்தது. அவள் ஜன்னலோர பெஞ்சை நோக்கிப் போனாள்.

"அங்க இல்ல. இங்க வந்து உக்காரு" என்று எதிர் நாற்காலியைக் காட்டினேன்.

அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. வந்து உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மூணு பேர்கிட்டயும் ஒரே வார்த்தையா சொன்ன?"

"மாத்தி மாத்திச் சொல்லியிருக்கணும்" என்றாள் மெதுவாக. "அவசரத்துல விட்டுட்டேன்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்ததை இப்போது சொல்கிறேன். அப்போது சொல்லவில்லை. "ஏன்டி இந்த நாடகம்? அக்கவுண்ட்ஸ் வேணும்னா வாயைத் திறந்து நேரா சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே."

"எப்ப?"

"போன லீவுக்கு முன்னாடி. சாப்பிடும்போது. 'அம்மா, நான் அக்கவுண்ட்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன்'னேன். நீ நிமிந்துகூடப் பாக்கல. 'யார் சொல்லிக் குடுத்தா?'ன்ன. அப்புறம் எந்திரிச்சுப் போய் சித்தப்பாக்கு போன் போட்டுத் திட்டின. அதுக்கப்புறம் சித்தப்பா நம்ம வீட்டுக்கு வரவே இல்ல."

தகராறு எதனால் வந்தது என்று ஞாபகமில்லை என்றேனே, அதுதான் அது.

அவள் நிறுத்தவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் உடையவில்லை. "காய்ச்சல்னு சொன்னா தெர்மாமீட்டர். தெர்மாமீட்டர் சொன்னா, அது கெட்டுப்போச்சோன்னு இன்னொரு தெர்மாமீட்டர். பேச்சுப்போட்டில ஜெயிச்சேன்னு கப்பைக் கொண்டாந்து காட்டினா, கப்பையும் பாத்துட்டு டீச்சருக்கும் போன். இந்த பயாலஜிக்கு முன்னாடி நான் உங்கிட்ட ஒரு பொய்கூடச் சொன்னதில்லம்மா. அது உனக்கே தெரியும். எல்லாத்தையும் செக் பண்ணியிருக்கியே."

மேசைமேல் இருந்த பென்சிலை எடுத்து வைத்தேன், மறுபடி எடுத்தேன்.

"நீயாத் தேடிக் கண்டுபிடிச்சதைத்தான் நீ நம்புவ" என்றாள். "அதான், தேடறதுக்கு வச்சேன். அப்பாவைப் போய்த் திட்டுவன்னு நெனக்கல. அது தப்பு. அப்பாகிட்ட நானே சொல்லிடறேன்."

"சரி, இப்ப எதுதான் நெஜம்? பயாலஜியா, அக்கவுண்ட்ஸா?"

"யாரை வேணா கேளு, நான் சொல்லி வச்சதுதான் வரும். வெளியாள்னு ஒருத்தரும் இல்ல இப்ப. என்னைத்தான் கேக்கணும்."

இத்தனை வருஷத்தில் எந்த வாடிக்கையாளரும் என்னை இப்படி மூலையில் நிறுத்தியதில்லை. "சரி, உன்னையே கேக்கறேன். சொல்லு."

"அக்கவுண்ட்ஸ், எகனாமிக்ஸ், மேத்ஸ். ஆனா ஸ்கூல் முடிச்சதும் நேரா பவுண்டேஷன் எழுதமாட்டேன். காலேஜ் போறேன். டிகிரி இருந்தா பவுண்டேஷன் இல்லாமலே அடுத்த பரீட்சைக்குப் போகலாம்னு சித்தப்பா சொன்னாரு. லேட் ஆகும்னாரு. ஆகட்டும். அப்புறம்..." அவள் பையின் பல் இளித்த ஜிப்பை இழுத்தாள், அது நகரவில்லை. "பயிற்சி இங்க இல்லம்மா. வேற ஆபீஸ்ல."

அது வலித்தது. நேர்வழி இருக்கும்போது சுற்றுவழி எதற்கு என்பது என் கட்சி. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். "அப்ப இந்த நாற்காலி? அது நான் நம்பணும்னு போட்ட பொய்யா?"

"பொய் இல்ல. சின்னப் பிள்ளையா அந்த பெஞ்சுல இருந்தப்ப நெஜமாவே நெனச்சிருக்கேன். தெனமும் நெனச்சிருக்கேன். இப்ப நெனக்கல." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள். "இங்க உக்காந்தா நான் கூட்டிப்போட்டதை எல்லாம் நீ ரெண்டு தடவை கூட்டுவ."

"அக்கவுண்ட்ஸ் ஏன்?"

அவள் தலையைச் சொறிந்தாள். "தெரியலம்மா. பிடிச்சிருக்கு. ரெண்டு பக்கமும் சரியா வந்து நிக்கும்போது... எப்படிச் சொல்றது... நல்லா இருக்கு. அவ்வளவுதான்."

நல்ல வேலை, நல்ல மதிப்பு, நாலு பேருக்கு உதவி என்று எதுவும் வரவில்லை.

என் தொழிலில் சில இடங்களில் வெளிச் சான்று கிடைக்கவே கிடைக்காது. முதலாளி அடுத்த வருஷம் கடையை நடத்துவாரா, மூடுவாரா? அது அவர் மனசில் இருக்கிறது, எந்த பாங்கும் சொல்லாது. அப்போது அவர் வாயிலிருந்து வருவதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவோம். போட்டபிறகும் ஒரு வாரம் அந்த ஃபைலை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட கையெழுத்துகளை என் வாழ்க்கையில் முடிந்தவரை தவிர்த்திருக்கிறேன்.

"ஃபார்மை எடு" என்றேன்.

எடுத்தாள். பாடம் எழுதுகிற கட்டங்கள் எல்லாம் காலியாகவே இருந்தன. உயிரியல் என்று அவள் எதிலும் எழுதியிருக்கவில்லை. என் முன்னாலேயே மூன்று பாடத்தையும் எழுதினாள். நான் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து கோணலாக வந்தது.

"நம்பறியா?" என்றாள்.

"நம்பறேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நாடா கட்டின ஃபைலை யாராவது சிரித்துக்கொண்டு நீட்டினால் நான் அப்படித்தான் பார்ப்பேன்.

வீட்டுக்குப் போனதும் அப்பாவும் மகளும் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். அவர் உள்ளே வந்தபோது, "நேத்து நான் பேசினது தப்புங்க" என்றேன். "சரி விடு" என்றார். உடனே விட்டும்விட்டார். எப்படித்தான் முடிகிறதோ இந்த மனிதருக்கு.

வெள்ளிக்கிழமை பிறந்தது. அன்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஃபார்மை அதேபடி கொடுத்தாளா? வழியில் மாற்றியிருந்தால்? அந்தப் பேச்சே நாடகத்தின் அடுத்த காட்சியாக இருந்தால்? ஒரே ஒரு போன். டீச்சர் எடுப்பார், பெருமூச்சு விடுவார், படித்துச் சொல்லிவிடுவார். விஷயம் முடிந்தது. கை தானாகப் போனை எடுத்தது. எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினேன். கொஞ்ச நேரத்தில் டிராயரைத் திறந்து, போனுக்குச் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன். பிறகு மூடினேன். எதிரே உட்கார்ந்திருந்த பயிற்சிப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "ஒன் வேலையைப் பாரு" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன்.

கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் கடைசியில் கொழுந்தனைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னேன்.

"எதுக்கு அண்ணி?" என்றார்.

"சாப்பிடத்தான் தம்பி."

"வேற யாராவது வர்றாங்களா?"

"யாரும் வரல. நான் அன்னிக்குத் திட்டினது தப்பு. வாங்க."

"அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். வெளியாளைக் கேட்கப் போகிறார். யாரைக் குறை சொல்வது?

பள்ளி விடுகிற நேரத்துக்கு டிராயருக்குள் போன் அடித்தது. மேத்ஸ் டீச்சர். எனக்கு உயிரே இல்லை.

"பிரச்சினை ஒண்ணும் இல்ல மேடம். ஃபார்மைக் காலையிலயே குடுத்துட்டா. ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியல, அதான் கூப்பிட்டேன். குடுத்த கையோட, 'எங்கம்மா உங்களுக்கு போன் பண்ணாங்களா'ன்னு கேட்டா. இல்லன்னேன். மத்தியானம் வந்து திரும்பக் கேட்டா. இல்லம்மான்னேன். இப்ப பெல் அடிச்சப்புறமும் வந்து, 'நெஜமாவே பண்ணலயா, ஆபீஸ் ரூமுக்காவது பண்ணாங்களா'ன்னா. நான் போய் விசாரிச்சுட்டு வந்து, யாருக்கும் பண்ணலன்னு சொன்னேன். அப்படியே பெஞ்சுல உக்காந்து அழறா மேடம். நீங்க பண்றதா சொல்லியிருந்தீங்களா?"

"இல்ல டீச்சர்" என்றேன். "அவளை அங்கயே இருக்கச் சொல்லுங்க. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"சரி மேடம். ஃபார்ம் என் கையிலதான் இருக்கு. நீங்க எப்பவும் கேப்பீங்களேன்னு எடுத்து வச்சேன். எந்தெந்தப் பாடம் எழுதியிருக்கான்னு படிக்கட்டுமா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"வேணாம் டீச்சர். எனக்குத் தெரியும்" என்றேன். "அவ சொன்னா."